தங்கம் வாங்கிய குற்றம்

மாநிலப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய குற்றத்துக்காக, நுஸைபாவை விசாரிக்க விடுதி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அவள் அப்போது மெஸ்ஸில் உட்கார்ந்து இட்லியோடு போராடிக்கொண்டிருந்தாள். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பாவம், அவசரமாகக் கையைக் கழுவிக்கொண்டு துப்பட்டாவைச் சரிசெய்தாள். எதிரே உட்கார்ந்திருந்த அறைத்தோழி ஜெனிஷா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மெடலைக் கழுத்துல மாட்டிட்டுப் போயிறாதடி. இன்னும் கோவம் வரும் அவுகளுக்கு."

"ஏன்டி? தங்கம்தானே வாங்கிட்டு வந்திருக்கேன்?"

"அதான்டி சொல்றேன்" என்றாள் ஜெனிஷா.

அவனியாபுரத்தைத் தாண்டி விமான நிலையத்துக்குப் போகிற பக்கம் இருக்கிறது அந்த வளாகம். வாசல் வளைவில் 'தென்மாவட்டத் தடகள உன்னத மையம்' என்று எழுதியிருக்கும். பெயரிலேயே உன்னதத்தை வைத்துவிட்டதால் உள்ளே வேறெங்கும் அதைத் தேட வேண்டிய அவசியமில்லை. ஓடுதளம் ஒன்று, விடுதி ஒன்று, மெஸ் ஒன்று, நிர்வாகக் குழு கூடிப் பேச ஏ.சி. போட்ட மன்றம் ஒன்று. மழை பெய்தால் ஓடுதளத்தில் தண்ணீர் நிற்கும். எது பெய்தாலும் மன்றத்தில் பேச்சு மட்டும் நிற்காது. தலைக்கு மேலே விமானம் இறங்கும் அந்தக் கொஞ்ச நேரம் யார் பேசுவதும் யார் காதிலும் விழாது என்பதால், வீராங்கனைகள் கூட்டங்களில் விமானத்தை எதிர்பார்த்தே உட்கார்ந்திருப்பார்கள்.

மையத்தின் தலைவர் நல்லகாமன் போர்வெல் வண்டிகள் வைத்துத் தொழில் செய்பவர். மைதானத்துக்கு இலவசமாக ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுத்த வகையில் விளையாட்டு வல்லுநர் ஆனவர். கிணற்றில் தண்ணீர் வரவில்லை என்பது வேறு விஷயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தேசியப் போட்டிக்குப் போன மையத்துக் குழு ஒரு வெண்கலம்கூட இல்லாமல் திரும்பியபோது, மதுரை ஜங்ஷன் வாசலிலேயே ஒரு நிருபர் அவரை மடக்கிவிட்டார்.

"ஏண்ணே, பேருக்கு ஒரு மெடல்கூடவா இல்ல?"

நல்லகாமனுக்கு வாயில் வந்தது இதுதான்: "பிள்ளைக அதுகளால முடிஞ்ச பெஸ்ட்டைக் குடுத்துருக்குக. அது போதாதா?"

பக்கத்தில் நின்ற ஆலோசகர் ஆல்பினுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆல்பின் எந்த விளையாட்டும் ஆடியவர் இல்லை, விளையாட்டு மேலாண்மை படித்தவர். "சார், நீங்க இப்ப சொன்னது சாதாரணப் பேச்சு இல்ல. இது ஒரு பாலிசி" என்றார். தான் பாலிசி சொன்ன விஷயம் நல்லகாமனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஒரே வாரத்தில் 'தன்னுச்சக் கொள்கை' பிறந்துவிட்டது. இனிமேல் மையத்தில் வெற்றி என்றால் பதக்கம் இல்லை. தன்னுடைய பழைய நேரத்தையோ தூரத்தையோ தானே முந்தினால் அதுதான் வெற்றி. எட்டுப் பேரில் எட்டாவதாக வந்தாலும் தன் பழைய நேரத்தை ஒரு கண் சிமிட்டும் அளவுக்கு முந்தியிருந்தால் அவர் வெற்றியாளர். முந்தாதவர், எத்தனாவதாக வந்தாலும் சரி, தோல்வியாளர். போட்டிகளில் இரண்டு முறை தோற்றால் விடுதியில் இடம் போய்விடும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், விஷயம் தப்பானதே இல்லை. மையத்துப் பயிற்சியாளர் கிறிஸ்துராஜ் பசுமலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்தே அதைத்தான் செய்துகொண்டிருந்தார். யார் எத்தனாவதாக வந்தாலும், போன வாரத்தைவிட நன்றாக ஓடிய பிள்ளைக்குச் சட்டைப்பையிலிருந்து ஒரு கடலைமிட்டாய் எடுத்துக் கொடுப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். கடைசியாக வந்த பிள்ளை அந்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு நடக்கிற நடையைப் பார்க்க வேண்டும், மைதானமே அதன் பேரில் பட்டா போட்டது மாதிரி இருக்கும். அந்த மிட்டாயைத்தான் மையம் பிடுங்கிக் கொள்கையாக்கியது. ஆல்பின் முதல் வேலையாக மிட்டாயை நிறுத்தினார். "மிட்டாயை அளக்க முடியாது சார். சர்க்கரை வேற ஜாஸ்தி" என்று சொல்லிச் சான்றிதழ் அச்சடித்தார். சான்றிதழில் நல்லகாமனின் படம் இருந்தது.

நுஸைபா இந்தக் கொள்கை வந்த பிறகு சேர்ந்தவள். காஜிமார் தெருப் பெண். அத்தா ஷாநவாஸ் தெற்குவாசலில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். சேர்ந்த அன்று, "பதட்டப்படாம ஓடும்மா. உன்னால முடிஞ்சதைக் காட்டு" என்று ஆல்பின் சொன்னதை அவள் நம்பிவிட்டாள். அந்த மையத்தில் சொன்னதைச் சொன்னபடி நம்பிய முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும். அன்று காற்றும் ஒத்துழைத்தது, காலும் ஒத்துழைத்தது. பேய் மாதிரி ஓடினாள். ஸ்டாப்வாட்ச் பழுதாகிவிட்டதோ என்று கிறிஸ்துராஜ் அதைக் காதில் வைத்துக்கூடப் பார்த்தார்.

சாயங்காலம் ஜெனிஷா தலையில் கைவைத்துக்கொண்டு அவளைத் திட்டினாள். "அடிப்பாவி! மொத நாளே இருக்கிறது அம்புட்டையும் கொட்டிட்டியே! இனிமே எதை வச்சு முந்துவே?"

அப்புறம்தான் அங்கே ஓடுகிற முறை அவளுக்குப் புரிந்தது. சேருகிற அன்று எல்லோரும் காய்கறி வாங்கப் போகிறவர்கள் மாதிரி ஓடுவார்கள். நீளம் தாண்டும் முத்துத்தாய் முதல் நாள் மணல்குழிக்குள் தாண்டவே இல்லை, இறங்கினாள். ஈட்டி எறிகிற பையன் ஒருவன் ஈட்டியைத் தன் காலுக்குப் பக்கத்திலேயே குத்திவைத்துவிட்டு அதைத் தூரமாக எழுதிக்கொள்ளச் சொன்னான். அதற்குப் பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிடுவார்கள். இதற்குக் கையிருப்பு என்று பெயர். வேகமாக ஓடத் தெரிந்தவருக்கு அங்கே மரியாதை கிடையாது, அளந்து அவிழ்க்கத் தெரிந்தவருக்குத்தான் மரியாதை. நுஸைபா ஒருத்திதான் கையிருப்பு இல்லாமல் வந்து நின்றவள்.

கொள்கை நல்லகாமனுக்கு ரொம்பப் பிடித்துப்போனதால் மைதானத்தோடு நிற்கவில்லை. சமையல்காரி ராக்கம்மாளின் இட்லி, மற்ற இடத்து இட்லிகளோடு ஒப்பிடப்படாமல் ராக்கம்மாளின் முந்தைய இட்லிகளோடு மட்டுமே ஒப்பிடப்பட்டது. விவரமான பெண்பிள்ளை, முதல் மாதம் சுவரில் அடித்தால் திரும்பி வருகிற மாதிரி அவித்துவைத்தாள். பிறகு மாதம் ஒரு சுற்று மென்மை கூட்டி வரிசையாகச் சான்றிதழ் வாங்கிக்கொண்டிருந்தாள். ஓட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைக்கு ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆனபோது, போன தடவை ஒரு மணி நேரம் ஆனதைச் சுட்டிக்காட்டி டிரைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிள்ளை அந்த விழா முடிகிறவரை ஸ்ட்ரெச்சரிலேயே படுத்திருந்தது. சுதந்திர தினத்தன்று நல்லகாமன் பேசிய பேச்சு அதற்கு முந்தைய வருஷத்துப் பேச்சைவிடக் கால் மணி நேரம் கூடுதல் என்று ஆல்பின் அறிவித்ததும், நல்லகாமன் தனக்கே தன் கையால் ஒரு கேடயம் வழங்கிக்கொண்டார்.

மாநிலப் போட்டியில் எண்ணூறு மீட்டரில் ஜெனிஷா எட்டாவதாக வந்தாள். எட்டுப் பேர்தான் ஓடினார்கள். ஆனால் அவள் நேரம் குறைந்திருந்தது. தெற்குவாசலில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். 'எட்டாமிடத்தை எட்டிப் பிடித்த எங்கள் சிங்கமே!' அதில் நல்லகாமன் ஆளுயரம், ஆல்பின் அரையாள் உயரம், ஜெனிஷா தபால்தலை அளவு. ஃபிளெக்ஸ் நுஸைபாவின் அத்தா கடைக்கு நேர் எதிரே இருந்தது.

"எட்டாவது வந்த பிள்ளைக்கு நம்ம கடைக்கு எதுத்தாப்புல போர்டு வச்சிருக்காக" என்று ஷாநவாஸ் போனில் சொன்னார். "நீ மொதலாவது வந்தேன்னு சொன்னே. உன் போர்டைக் காணோமே? கடைக்கு வர்றவுகல்லாம் கேக்குறாக. ஏம்மா, நீ எதும் தப்பா ஓடிட்டியா?"

தப்பாகத்தான் ஓடியிருந்தாள் என்பது ஒலிபெருக்கி கூப்பிட்ட அந்தத் திங்கட்கிழமை, மன்றத்துக்குள் போன பிறகு தெரிந்தது.

நடுநாற்காலியில் நல்லகாமன். ஒரு பக்கம் மடிக்கணினியோடு ஆல்பின். இன்னொரு பக்கம் துணைத் தலைவர் பேயாண்டி, கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், அதனால் எந்த விஷயத்தையும் ஆயிரம் பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கிற தோரணையில்தான் பேசுவார். கதவோரம் கிறிஸ்துராஜ் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்த தகப்பன் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

ஆல்பின் திரையில் வேகத்தைக் குறிக்கிற இரண்டு பட்டைகளைக் காட்டினார். ஒன்று உயரம், ஒன்று குட்டை. "இது நீ சேர்ந்த அன்னைக்கு ஓடுனது. இது மாநிலப் போட்டியில ஓடுனது. இங்கருந்து இங்க. சரிவு."

"சார், அன்னைக்கு யாருமே முன்னால போகல சார். வெயிலு. எல்லாரும் ஒருத்தர் முதுகுல ஒருத்தர் ஒளிஞ்சுக்கிட்டே மெதுவா ஓடுனாங்க. நானும் ஒளிஞ்சுக்கிட்டே ஓடி, கடேசி ரவுண்டுல பிடிச்சு இழுத்துட்டேன்."

அந்த ஓட்டத்தை ஓடியவர்களுக்கு இது தெரியும். முதலில் போகிறவள் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்குச் சுவராக நிற்க வேண்டும். பின்னால் வருகிறவள் அந்த நிழலில் பலத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டு கடைசியில் தாண்டிப்போவாள். ஜெயிக்க வேண்டுமென்றால் பொறுமை வேண்டும், கடைசி முந்நூறு மீட்டரில் நெஞ்சு எரிய எரிய வேகம் வேண்டும். நேரம் எக்கேடோ கெட்டுப் போகும். கிறிஸ்துராஜ் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எட்டு மாதம் தொண்டை கட்டக் கத்தியிருந்தார்.

"அப்ப இன்னும் வேகமா ஓட முடியும். ஆனா நீ ஓடல" என்றார் நல்லகாமன்.

"ஜெயிக்க அம்புட்டு தேவைப்படல சார்."

"தேவைப்படலையாம். தம்பி, எழுதிக்கங்க." நல்லகாமன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தா பாரும்மா, நான் இருபது வருசமா போர் போடுறேன். பக்கத்துத் தோட்டத்துல எவன் எம்புட்டு ஆழம் போனான்னு ஒருநாளும் எட்டிப் பாத்ததில்ல. போன தடவை நான் எம்புட்டு போனேன், இந்தத் தடவை எம்புட்டு போறேன். எனக்கு அதான் கணக்கு."

"தண்ணி வந்துச்சா சார்?" அவள் அக்கறையோடுதான் கேட்டாள்.

"அது வேற டிபார்ட்மெண்ட்" என்றார் நல்லகாமன்.

பேயாண்டி குரலைத் தழைத்துக்கொண்டார். "நான் ஒண்ணு கேக்குறேன். மெடலுங்கிறது எப்ப வரும்? அடுத்தவன் தோத்தாத்தான் வரும். அடுத்தவன் தோல்வியில நமக்கென்னம்மா சந்தோசம்? அது மனுசத்தன்மையா? நீ ஏழு பொம்பளைப் பிள்ளைகளை அழவச்சிட்டு வந்திருக்கே. நம்ம தலைவர் கொண்டாந்த இந்தக் கொள்கை இருக்கே, இது எங்க உசுரு. நான் இருக்கிறவரைக்கும் இதுல ஒரு எழுத்தை மாத்த விடமாட்டேன்."

"நீ உன்னை ஜெயிச்சியா? அதை மட்டும் சொல்லு" என்றார் நல்லகாமன்.

நுஸைபா யோசித்தாள். "நான் எங்கூட ஓடலையே சார். அன்னைக்கு நான் ஒரு ஆளாத்தானே ஓடுனேன்."

இதற்கு நல்லகாமன் நீளமாக ஒரு பதில் சொன்னார். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் இறங்கியது. அவர் வாய் அசைவதும் கை ஆடுவதும் பேயாண்டி தலையாட்டுவதும் தெரிந்தன. சத்தம் அடங்கியபோது, "அதனால இது உனக்குக் கடைசி வாய்ப்பு" என்பது மட்டும் காதில் விழுந்தது. அடுத்த மாதம் புவனேஸ்வரில் தேசியப் போட்டி. அங்கே அவள் எத்தனாவதாக வருகிறாள் என்பதைப் பற்றி மையத்துக்குக் கவலையில்லை. சேர்ந்த அன்று ஓடிய நேரத்தை முந்த வேண்டும். முந்தாவிட்டால் படுக்கையைச் சுருட்ட வேண்டியதுதான்.

மையத்து இடம் போனால் அவளுக்கு ஓட்டமே போய்விடும். காஜிமார் தெருவில் சைக்கிள் நுழையவே மற்றவர்கள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். வீட்டில் அம்மா சுல்தான் பீவி வங்கித் தேர்வுப் புத்தகங்களை வாங்கி, அட்டை போட்டு, அடுக்கிவைத்துக்கொண்டு மகள் திரும்பி வரும் நாளுக்காகக் காத்திருந்தாள். நுஸைபாவுக்கு வங்கி மேல் கோபம் ஒன்றுமில்லை. ஓடும்போது மட்டும்தான் அவளுக்கு அவளைப் பிடித்தது, அவ்வளவுதான். அதை விட்டுவிட்டு உட்காரச் சொன்னால் எங்கே உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் கிறிஸ்துராஜிடம் கேட்டாள். "சார், நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"ஜெயிச்சே" என்றார் கிறிஸ்துராஜ். பிறகு, சொல்லவே நாக்குக் கூசுகிற ஒன்றைச் சொன்னார். "நான் சொல்லிக்குடுத்தது அம்புட்டையும் மறந்துரு. புவனேஸ்வர்ல ஒளியாதே, பொறுக்காதே. மொத அடியிலருந்து முன்னால போயி ஓடு. உன் பின்னாலயே உக்காந்து வந்து கடேசில தாண்டிப் போவாங்க. போகட்டும். உனக்கு நேரம்தான் வேணும்."

"ஜெயிக்க வேணாமா சார்?"

"அதுக்கு இங்க அனுமதி இல்லம்மா."

புவனேஸ்வரில் அவள் அப்படியே ஓடினாள். துப்பாக்கி வெடித்ததிலிருந்து முன்னால் போனாள். காற்று நெஞ்சில் மோதியது. முதுகுக்குப் பின்னால் காலடிகள் நிழலில் சொகுசாக வருவது கேட்டது. இரண்டாவது சுற்றில் கால் கனத்தது, மூன்றாவதில் கண் இருட்டியது. நிறுத்திவிடலாமே என்று ஒரு நேரம் தோன்றியது, நிறுத்தவில்லை. கடைசி நேர்ப்பாதையில் ஒருத்தி தாண்டினாள், இன்னொருத்தி தாண்டினாள், கோட்டுக்குப் பக்கத்தில் மூன்றாமவளும் தாண்டினாள். நான்காவதாகக் கோட்டைக் கடந்து குப்புற விழுந்து, புரண்டு, மல்லாந்து பார்த்தபோது பலகையில் அவள் பெயருக்கு நேராக நேரம் மின்னியது. சேர்ந்த அன்று ஓடியதைவிட நாலு வினாடி குறைவு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு வராமலே சிரித்தாள். மாநிலப் போட்டித் தங்கம் வாங்கியபோது அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் வரவில்லை. கொள்கையோ நல்லகாமனோ அந்த நிமிஷம் அவள் நினைவிலேயே இல்லை. தன் உடம்புக்குள் இப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்திருந்தது. கிறிஸ்துராஜ் தடுப்பைத் தாண்டி ஓடிவந்தார். அவர் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போய் வெறுமனே திரும்பியது.

"மிட்டாய் இல்லம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. "நிறுத்திட்டேன்ல."

அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. பேசி முடித்தவர் முகம் செத்துப்போயிருந்தது.

மதுரையில் நடந்தது இது. அன்று காலை மையத்தின் நிர்வாகத் தேர்தல். தலைவர் பதவிக்கு நல்லகாமனை எதிர்த்து, கொள்கையைத் தன் உயிர் என்று சொன்ன பேயாண்டியே நின்றிருந்தார். நல்லகாமனுக்கு இருபத்தொரு வாக்கு, பேயாண்டிக்கு இருபத்தெட்டு. முடிவு சொல்லி முடிப்பதற்குள் நல்லகாமன் மாலையைப் போட்டுக்கொண்டு மேடையேறிவிட்டார். போன தேர்தலில் நாலு பேர் நின்றதில் அவர் பதினாறு வாக்கு வாங்கித்தான் வந்திருந்தார். பதினாறிலிருந்து இருபத்தொன்று தன்னுச்சம். ஆகவே வெற்றி. பேயாண்டி முதல் தடவை நிற்கிறார், முந்துவதற்குப் பழைய கணக்கே இல்லை. "அண்ணனுக்கு இது ஆரம்பக் கணக்குதான். அடுத்த தடவை இதை முந்தட்டும், வெற்றின்னு அறிவிச்சுருவோம்" என்று ஆல்பின் விளக்கினார்.

பேயாண்டி ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "ஏன்டா, போட்டின்னா அடுத்தவனைவிடக் கூட வாங்குறவன்தான்டா ஜெயிச்சவன்! அவன் பழைய கணக்கை அவன் வீட்டுல வச்சுப் பாத்துக்கட்டும்! ஊரு ஒலகத்துல எங்கயாச்சும் தோத்தவனுக்கு மாலை போடுவானாடா?"

"மாப்ள, நீதானே கொள்கை உசுருன்னே?" என்றார் நல்லகாமன், உண்மையாகவே மனம் புண்பட்டு.

"அது பிள்ளைகளுக்குய்யா!" என்றார் பேயாண்டி.

அதற்குப் பிறகு நாற்காலிகள் பறந்தன. நாற்காலி எறிதலில் அன்று பலருக்குத் தன்னுச்சம் அமைந்ததாகச் சொல்கிறார்கள். மத்தியானம் பேயாண்டி நடுநாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் தன்னுச்சக் கொள்கை ஒழிக்கப்பட்டது. சாப்பாட்டுக்குப் பின்னால் பதக்கக் கொள்கை பிறந்தது. இனிமேல் மூன்றாம் இடத்துக்குக் கீழே வருகிற எவரும் தோல்வியாளர். ஆல்பின் பழைய படங்களையே வைத்துக்கொண்டு தலைப்பை மட்டும் மாற்றினார். சாயங்காலம் நுஸைபா புவனேஸ்வரில் நான்காவதாக வந்தாள்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை விடுதி ஒலிபெருக்கி அவளைக் கூப்பிட்டது. இந்தத் தடவை அவள் துப்பட்டாவைச் சரிசெய்யவில்லை. இட்லியை முழுசாகச் சாப்பிட்டுவிட்டே போனாள்.

அதே மன்றம், அதே திரை. நடுவில் பேயாண்டி. நல்லகாமன் ஆலோசனைக் குழு உறுப்பினராகி ஓரத்து நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கதவோரம் கிறிஸ்துராஜ்.

"நாலாவது!" என்றார் பேயாண்டி. "மூணு பேரு உன்னைத் தாண்டிப் போயிருக்காக. நீ மல்லாக்கப் படுத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கே. பேப்பர்ல போட்டோ வந்திருக்கு. வெக்கமா இல்ல?"

"சார், அது என்னோட பெஸ்ட் சார். இதுவரைக்கும் நான் அப்படி ஓடுனதே இல்ல."

"உன்னோட பெஸ்ட்டை வச்சு மையம் என்னம்மா பண்ணும்? உங்கூட நீயே போட்டி போட்டா அதுக்கு எதுக்கு புவனேஸ்வர்? அவனியாபுரத்துலயே போட்டுக்கலாமே? மேடையில மூணு படிதான் வச்சிருக்கான். நாலாவதுக்குப் படி இல்ல, பாத்தியா?"

நுஸைபாவுக்குச் சட்டென்று ஒரு நம்பிக்கை வந்தது. "சார், மாநிலப் போட்டியில நான் தங்கம் வாங்கிருக்கேனே சார்! இப்ப அது கணக்குல வரும்ல?"

பேயாண்டி ஆல்பினைப் பார்த்தார். ஆல்பின் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அது பழைய கொள்கை காலத்துல வாங்குனது. அந்தக் காலத்துக் கணக்குப்படி அது தோல்வின்னு முடிவாயிருச்சு. முடிஞ்ச விசாரணையைத் திரும்பத் தொறக்க முடியாது."

"அப்ப புவனேஸ்வர்ல ஓடுனது சார்? நீங்கதானே நேரத்தை முந்தச் சொன்னீங்க?"

"அது புதுக் கொள்கை காலத்துல ஓடுனது" என்றார் ஆல்பின் இன்னும் வருத்தமாக. "கணக்குப்படி ரெண்டும் தோல்விதான். ரெண்டு தோல்வின்னா..."

ஏ.சி. முனகிக்கொண்டிருந்தது. நுஸைபா மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அட்டை போட்ட புத்தகங்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன.

கல்யாண மண்டபக்காரருக்குப் பெண்பிள்ளை கண் கலங்கி நிற்பது நல்ல சகுனமாகப் படவில்லையோ என்னவோ, பேயாண்டி கொஞ்சம் இறங்கிவந்தார். "சரி. ஒருவேளை இன்னொரு வாய்ப்புக் குடுத்தா, அடுத்த தடவை என்ன பண்ணுவே? அதைச் சொல்லு பாப்போம்."

அவள் கேள்வியை நிஜமாகவே யோசித்தாள். கிண்டல் அவளுக்கு வராது. யோசித்து, இதுதான் சரியான பதில் என்று முடிவு பண்ணி, தெளிவாகச் சொன்னாள்.

"சார், அடுத்த தடவை கோட்டுல நிக்கும்போது, இன்னைக்கு யாரு தலைவருன்னு போன் போட்டுக் கேட்டுட்டு ஓடுறேன் சார்."

கதவோரம் கிறிஸ்துராஜுக்குப் பலமாக இருமல் வந்தது. ஆல்பின் மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினார். பேயாண்டி மேசையில் ஓங்கித் தட்டினார்.

"பாத்தீகளா! இதைத்தான்யா நான் எதிர்பாத்தேன்! எம்புட்டு தெளிவா சொல்லுது பாருங்க. இந்த ஒழுக்கம் இருந்தா மெடலு தானா வரும். தம்பி, இந்தப் பிள்ளைக்கு இடத்தை உறுதி பண்ணுங்க."

நல்லகாமன் ஓரத்திலிருந்து ஒரு கண்ணைத் திறந்தார். "எங்காலத்துல சேந்த பிள்ளையாக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

இப்படியாக நுஸைபா மையத்தில் தங்கினாள். தெற்குவாசலில் பழைய ஃபிளெக்ஸைக் கழற்றிவிட்டு 'வெற்றி ஒன்றே எங்கள் மூச்சு' என்று புதிதாக வைத்தார்கள். பேயாண்டி ஆளுயரம், ஆல்பின் அதே அரையாள் உயரம். எட்டாவது வந்த சிங்கத்தின் படத்தை யாரோ ஆட்டோவுக்கு மேல்கூரையாகப் போட்டுக்கொண்டதாக ஷாநவாஸ் போனில் சொன்னார். ஜெனிஷா அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். எட்டாவது வந்த அந்த ஓட்டம் கையிருப்பிலிருந்து அவிழ்த்ததில்லை என்பது நுஸைபாவுக்கு மட்டும்தான் தெரியும். அன்று ஜெனிஷா நிஜமாகவே உயிரைக் கொடுத்து ஓடியிருந்தாள்.

சில வாரம் கழித்து ஒரு காலை. மழை விட்டு ஓடுதளம் உலர்ந்திருந்தது, காற்று இல்லை. பயிற்சிக்காக ஓட ஆரம்பித்த நுஸைபா பாதியில் எதையோ மறந்துவிட்டவள் மாதிரி வேகம் எடுத்தாள். முன்னாலும் யாருமில்லை, பின்னாலும் யாருமில்லை. கோட்டைத் தாண்டி முழங்காலில் கையூன்றி நின்றபோது, கிறிஸ்துராஜ் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

மைதானத்து ஓரத்தில் பதக்கப் பலகை நட்டுக்கொண்டிருந்த ஆல்பின் அங்கிருந்தே கத்தினார். "எவ்வளவு சார்?"

"வாட்ச் நின்னுபோச்சு தம்பி" என்று கத்திச் சொல்லிவிட்டு, கிறிஸ்துராஜ் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் சுழியாக்கினார்.

பிறகு சட்டைப்பையில் கைவிட்டு ஒரு கடலைமிட்டாயை எடுத்து நீட்டினார். ஒன்றும் பேசவில்லை. நுஸைபாவும் நேரம் என்ன என்று கேட்கவில்லை. மிட்டாயைப் பாதியாகக் கடித்து, மீதியை ஜெனிஷாவுக்கென்று உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, விடுதியைப் பார்த்து நடந்தாள்.